விலை ஏறும் என்று சொன்னவனுக்கு

தம்பி,

நேற்று மாலை நீ போனை வைத்த பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. "டிவிக்காரங்க திரும்பக் கூப்புட்டாங்கம்மா, வெங்காய விலையப் பத்திப் பேசணுமாம். உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன்" என்றாய். உடம்புக்கு என்ன என்று பதறிக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, யாரோ மாணவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று வைத்துவிட்டாய். நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். உலையில் அரிசியைப் போட்டேனா இல்லையா என்று இரண்டு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு முக்கியமான சேதி இருந்தது. நீ கேட்கவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. போன வருஷம் நீ பேசியதை நம் குன்னம் பக்கத்தில் கைபேசி வைத்திருக்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் அவர்கள் படிக்கட்டும். உங்க அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். போன மாசியில் நம் பக்கமெல்லாம் சின்ன வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். விலை சுமாராக இருந்தது. விற்பதா, வைத்திருப்பதா என்று ஆளாளுக்குக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சென்னையில் உன் பல்கலைக்கழக அறைக்கே கேமராவோடு வந்து கேட்டார்கள். வேளாண்மைப் பொருளாதாரம் சொல்லித்தருகிறவன், அதிலும் வெங்காயக் காட்டிலிருந்து போனவன் என்று உன்னைத் தேடி வந்தார்கள் போலிருக்கிறது. நீ நெடுநேரம் பேசியதாகப் பிறகு சொன்னாய். மழை வராமல் இருந்தால், வெளி மாநிலச் சரக்கு இறங்காமல் இருந்தால் என்று ஒவ்வொன்றாக விளக்கிவிட்டுத்தான் அதைச் சொன்னாயாம். திரையில் வந்தது ஒரே ஒரு வாக்கியம். "ஒரு மாசம் பொறுத்தா விலை கூடும்." கீழே பேராசிரியர் என்று போட்டு உன் பெயர், அதிலும் ஓர் எழுத்துப்பிழை. ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு 'அ'னா, 'ஆ'வன்னா சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் பிழைதான் என் கண்ணில் முதலில் குத்தியது. மற்றவர்கள் அதையா பார்த்தார்கள்? "நம்ம ஊரு பையன் சொல்லிட்டான்" என்று அந்தத் துண்டுப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவியது.

என் தம்பி செல்லமுத்துவின் காட்டில் அன்றைக்கு வியாபாரியின் மினி லாரி வந்து நின்றிருந்தது. சாக்குகூடப் பிரித்தாகிவிட்டது. உன் மாமா கைபேசியைப் பார்த்தார். "எம் மருமவனே சொல்லிட்டான். நான் குடுக்கலீங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, நேராக நம் வீட்டுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. தான் படிக்காத படிப்பையெல்லாம் நீ படித்தாய் என்பதற்காக உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர். அவரைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரர்களும் பட்டறை போட்டார்கள். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பட்டறை என்றால் வெங்காயத்தைச் சும்மா குவித்து வைப்பதல்ல. காற்று நுழையும்படி தட்டி கட்டி, மேலே கூரை வேய்ந்து, அடிக்கடி கிளறிவிட்டு, அழுகினதைப் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பை ஒடிக்கிற வேலை.

அந்த வாரமே உங்க அப்பா மட்டும் நம் காட்டு வெங்காயம் முழுவதையும் களத்தில் வைத்தே விற்றார்.

ஏன் விற்றார் என்று நீ கேட்கவே இல்லை. அவருக்கு உன் பேச்சில் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய் என்பது போனிலேயே எனக்குத் தெரிந்தது. உண்மை இதுதான். அவருக்குக் குடலிறக்கம். தை மாசத்திலேயே மூட்டை தூக்கும்போது அடிவயிற்றில் புடைத்துக்கொண்டு வந்துவிட்டது. பெரம்பலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்றார். பட்டறை போட்டால் கிளற யார் இருக்கிறார்கள்? விற்றுவிட்டார். வெளியே சொல்லக் கூசுகிற இடத்தில் வந்த நோய் அது. "ஊருல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அவன்கிட்டயும் சொல்லாத, வேலைய வுட்டுட்டு ஓடியாருவான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பூலாம்பாடி அத்தை வீட்டில் காதுகுத்து, ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறோம் என்று உன்னிடம் சொன்னேனே, அப்போது அவர் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகிக்கொண்டிருந்தார். அது போனில் கேட்டு "யாரும்மா அழுவறது?" என்று நீ கேட்டாய். காதுகுத்தின பிள்ளை என்றேன். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அவருக்காக அதையேதான் சொல்வேன்.

பங்குனியில் மழை பெய்தது. தூறல் இல்லை, பட்டறைக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மழை. விட்டுவிட்டுப் பெய்து, நடுவில் புழுக்கம். அதே நேரத்தில் வடக்கேயிருந்து பெரிய வெங்காயம் லாரி லாரியாக வந்து இறங்கியது. விலை ஏறவில்லை, சரிந்தது. வராமல் இருந்தால் என்று நீ சொல்லி, டிவிக்காரர்கள் வெட்டி எறிந்த இரண்டுமே வந்துவிட்டன. பட்டறையில் முளைவிட்டது போக மிச்சம் அழுகியது. அந்த வாடை தெரியுமா உனக்கு? ஊருக்குள் எந்தத் தெருவில் நின்றாலும் மூக்கில் ஏறியது. சோற்றில் கை வைத்தால் அந்த வாடை. உன் மாமா தன் வெங்காயத்தை டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய் ஓடைக்கரையில் கொட்டினார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கொட்டிவிட்டு டிராக்டரின் மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போகாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. பால் ஊற்றப் போன இடத்தில், நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணே, எல்லோர் முன்னாலும் கேட்டாள். "என்ன டீச்சர், உங்க வூட்டு சாரு ஊருக்கு ஒண்ணு சொல்லுவாரு, அப்பனுக்கு ஒண்ணு சொல்லுவாரு போலருக்கே? எங்களயெல்லாம் வச்சிருக்கச் சொல்லிட்டு, அங்க மட்டும் வித்துக் காசாக்கியாச்சு." அடிவயிற்றில் தையல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாரடி என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே முடிந்திருக்கும். சத்தியம் வாயைக் கட்டிவிட்டது. பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் உங்க அப்பாவோடு சண்டை போட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு பக்கம் மகனுக்குக் கெட்ட பெயர், மறுபக்கம் இவருடைய கூச்சம். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோடை முழுக்க நான் ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

சித்திரையில் நீ வந்தாய். டீக்கடையில் நடந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை, கடைக்காரர்தான் சொன்னார். நீ போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோனதாம். பிறகு ஒருவர், "சார், இப்ப என்னா விக்கலாம், என்னா வச்சிக்கலாம்? கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். நீ டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தாய். போட்ட இலையில் உட்காரவில்லை. மத்தியான பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். மாமா வீட்டை ஒட்டித்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். நீ காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு டிவி, பத்திரிகை எதற்கும் நீ பேசவில்லை. "பாடம் நடத்துறதோட இருந்துக்குறேம்மா, எனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றாய். அப்போது அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அடிபட்ட பிள்ளை, கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. நீ வரமாட்டேன் என்ற அந்த நிகழ்ச்சியை நேற்று ராத்திரி நான் பார்த்தேன். உன் நாற்காலியை அவர்கள் காலியாகப் போட்டு வைக்கவில்லை தம்பி. வேறு ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். பளபளவென்று சட்டை. எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வந்தது. விவசாயிகள் வேண்டுமென்றே பதுக்குகிறார்களாம், அதனால்தான் விலை இப்படி ஆடுகிறதாம். அழுகின வெங்காயத்தை ஒரு நாளாவது மோந்து பார்த்திருப்பாரா? "இருந்தால்", "வராவிட்டால்" என்ற பேச்சே அவரிடம் இல்லை. அப்படிப் பேசினால் வெட்டுவதற்கும் ஒன்றும் இல்லை, முழுசாகப் போட்டார்கள். தயங்கித் தயங்கிப் பேசுகிற நீ வீட்டில் உட்கார்ந்துகொண்டாய், தயங்காதவர் வந்து ஊருக்கே சொல்லிவிட்டுப் போகிறார். டிவியை அணைத்த பிறகும் அவர் குரல் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

உனக்கு நினைவிருக்காது, சின்ன வயதில் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் திருவிழாவுக்காக அரியலூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டினோம். சாதாரணக் காய்ச்சல்தான், மாத்திரை கொடுங்கள், இறங்கிவிடும் என்றார். மறுநாள் காலை சித்தி வீட்டு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அவரேதான். விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். "நேத்து நான் சொன்னது தப்பா இருக்கலாம்மா. பையன் கண்ணு எனக்கு மனசுலயே நிக்கிது. கௌம்புங்க, ரத்தம் பாத்துடலாம்" என்றார். பார்த்தால் டைபாய்டு. அதற்குப் பிறகு நம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், குன்னத்திலும் பெரம்பலூரிலும் எத்தனை டாக்டர் இருந்தாலும், அரியலூருக்கு பஸ் ஏறினோம். அவர் தப்பே செய்யாதவர் என்று நம்பியா போனோம்? தப்பென்று தெரிந்தால் வாசலுக்கு வந்து நிற்பார் என்று நம்பிப் போனோம். நீ படித்த படிப்பில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும். எனக்கு அந்த ஸ்கூட்டர் சத்தம்தான் தெரியும்.

நேற்று உன்னிடம் சொல்ல நினைத்த சேதிக்கு வருகிறேன். போன சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு நாலைந்து ஆள் முன்னால் உன் மாமா நின்றிருந்தார். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரு வருஷமாக வீட்டுப் பக்கம் வராதவர். திரும்பிப் பார்த்தார். "வாக்கா" என்றார். அவ்வளவுதான். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாவது ஒன்றாவது, கோயில் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குடலிறக்கம், ஆஸ்பத்திரி, விற்ற காரணம், எல்லாம்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவமே. மச்சான் எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா. நான் வந்து பட்டறை கிளறிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"அதான் தெரிஞ்சிருச்சுல்ல. இனிமேலாச்சும் அவன்மேல சொல்ற பழிய நம்பாத" என்றேன்.

"எவன் நம்புனான்? அப்பனுக்குத் தனியா சொன்னான்னு ஊருதான் சொல்லுச்சு. எம் மருமவன் அப்புடிச் செய்வானா? எனக்குத் தெரியாதா அவன?"

"அப்புறம் ஏன்டா வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல?"

உன் மாமா தேங்காய் மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "விலை ஏறும்னு சொல்றதுக்கு டிவி இருந்துச்சு. ஏறாமப் போயிருச்சு மாமான்னு சொல்றதுக்கு ஒரு போனு இல்லையாக்கா அவன்கிட்ட? நான் என்ன, கேஸா போடப் போறேன்? சித்திரையில வந்தவன் எங்க வூட்டத் தாண்டிப் போவக் கூசிக்கிட்டு காட்டுல சுத்திப் போனான். எம் பொண்டாட்டி பாத்துட்டு வந்து சொன்னா. வெங்காயம் போனதுகூடப் போவுதுக்கா."

நான் விடவில்லை. டிவிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள், நீ மழையைப் பற்றியும் சொன்னாய், வடக்கேயிருந்து வருகிற லாரியைப் பற்றியும் சொன்னாய் என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். அவர் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அவன் எங்கிட்ட சொல்லணும். நீ ஏன் சொல்ற?" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தோம்.

எனக்கு உன் மாமாமேல் கோபமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒரு துண்டுப் படத்தைப் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பி அனுப்பினவர், அதற்கு முன்னால் உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். தன் பெருமைக்காகவும் கொஞ்சம் அவசரப்பட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நாலு நாளாக நடந்துகொண்டே யோசிக்கிறேன், இன்னும் இல்லை. உன்னிடம் இருக்கிறதா?

வீட்டுக்கு வந்து உங்க அப்பாவிடம், உங்கள் ரகசியத்தைக் கோயில் வாசலில் போட்டு உடைத்துவிட்டேன் என்றேன். முறைத்தார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் அவராகவே, "செல்லமுத்து என்னா சொன்னான்?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, "ஊருக்கே சொல்லணும்னாலும் சொல்லிக்க. மவன் மானத்த வுடவா என் வவுறு பெருசு?" என்றார். அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்று காலை உன் மாமா நம் வீட்டுக்கு வந்துவிட்டார். எழுதுவதை நிறுத்திவிட்டுக் காபி போட எழுந்தேன். உங்க அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எங்க மச்சான், காட்டுங்க பாப்போம்" என்றார். உங்க அப்பா வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போடா அந்தப் பக்கம்" என்றார். இரண்டு கிழவர்களும் இருமல் வருகிற மட்டும் சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

காபி குடித்துவிட்டு மாமா என்னைப் பார்த்து, "என்னக்கா எழுதுற?" என்றார். அவனுக்குத்தான் என்றேன். எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார், படிக்கவில்லை. பிறகு சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"இந்த வருஷ வெங்காயத்துல பாதிய நேத்தே வித்துட்டேன்னு எழுது. யாரையும் கேக்காம நானாத்தான் வித்தேன். மீதிப் பாதி பட்டறையில கெடக்கு. வியாபாரியக் கேட்டா குடுன்னுதான் சொல்லுவான். மருந்துக் கடைக்காரன் ஒரு மருந்தக் காட்டி, அடிச்சி வச்சிக்கன்னுதான் சொல்லுவான். என் வெங்காயத்துல லாபம் பாக்காதவன் அவன் ஒருத்தன்தான் இருக்கான். அவனுக்கு என்னா தோணுதுன்னு கேளு. மழை வந்தா, லாரி வந்தா, எல்லாத்தையும் சேத்தே சொல்லச் சொல்லு. எனக்கு நேரம் இருக்கு, நான் முழுசாக் கேக்குறேன். தப்பாப் போச்சுன்னா பஸ் ஏறிச் சென்னைக்கே வந்து அவனத் திட்டிட்டு, அவன் வூட்டுலயே சோறு தின்னுட்டு வருவேன்."

அதை நீயே அவனிடம் கேளேன்டா என்றேன்.

"போன் போட்டா எடுப்பானா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எடுப்பான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
அம்மா